டிரையர் சத்தத்தில் ஒரு தோஸ் ஆஃப் யூ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது, அங்கே உன் உடம்பும் உறக்கமும் எப்படி என்று எழுது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை. (அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சொந்தச் சரக்கு அக்கா, மற்றதுக்கு அம்மாதான் பொறுப்பு.)

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலைக்கு நான் விண்ணப்பித்தது உனக்குத் தெரியும். கிடைத்தால் காலை ஷிஃப்ட், நீ கூப்பிடும் சாயங்காலத்தில் வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் பழையபடி நீ பதிவு செய்து அனுப்பும் குரலைப் பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். எங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு பாஷை, அதனால் மேலாளர் முன்னால் அன்றைய வேலையை இங்கிலீஷில் பிரித்துச் சொல்வதுதான் தேர்வு. நீ அனுப்பிய பாடத்தை விடாமல் படித்தேன். 'உங்களில் இன்னார்' என்பதற்கு 'தோஸ் யூ' என்று ஒட்டிச் சொல்லக் கூடாது, 'தோஸ் ஆஃப் யூ', 'தோஸ் ஆஃப் அஸ்' என்று நடுவில் ஓர் ஆஃப் வேண்டும் என்றாயே, அதுதான் நாக்கில் நிற்கவில்லை. (ஆஃப் போட்டால்தான் அம்மாவின் இங்கிலீஷ் ஆன் ஆகும்.) நாம் என்றாலும் வீ, நாங்கள் என்றாலும் வீ, ஒரு சொல்லில் இவ்வளவு கஞ்சத்தனமா என்று அப்பாவிடம் கேட்டதற்கு, மிச்சம் பிடிச்சே முன்னுக்கு வந்தவங்க போல என்றார். சாப்பிடும்போது பழகிப் பார்க்கலாமே என்று, உங்களில் யாருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமோ அவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். பாத்திரம் தேய்க்கிறவங்க எழுந்திருக்கணுமாம்பா என்று உன் தங்கை மொழிபெயர்த்தாள், மனுஷன் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். (மிச்சம் முழுக்க எனக்குத்தான்.)

தேர்வன்று நான் வாயைத் திறக்கவும் துணி உலர்த்தும் பெரிய டிரையர்கள் இரண்டும் ஓட ஆரம்பித்தன. என் ஆஃப் எனக்கே கேட்கவில்லை. மெஷின் ஓடும்போது எங்கள் பிரிவில் கையால்தான் பேச்சு. விரலை நீட்டினால் அந்தத் துணிவண்டி, காற்றில் வட்டம் போட்டால் நீங்கள் இத்தனை பேர், உள்ளங்கையை நெஞ்சில் வைத்தால் நாம். பழக்கத்தில் கை தானாக எழுந்துவிட்டது. ஜன்னலோரம் நின்றவர்களை வட்டம் போட்டு மடிக்கிற மேஜைக்கு அனுப்பினேன், ரத்தக்கறை வண்டிக்கு யாரும் முன்வர மாட்டார்கள் என்பதால் அதைக் காட்டி என் நெஞ்சில் கை வைத்தேன். என்னோடு இரண்டு பேர் வந்தார்கள், மற்றவர்கள் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். கேட்கும்படி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, போச்சு என்று நினைத்தேன். நடுவில் தனியாக நின்ற மேலாளர், எல்லாருக்கும் வேலை தெரிஞ்சிடுச்சு, நான் எங்கே போகணும் என்று கத்திக் கேட்டார். கை சும்மா இருக்கிறதா, கதவைக் காட்டிவிட்டது. சிரித்துக்கொண்டே போனவர் மறுநாள் கூப்பிட்டு, வேலை எனக்குத்தான் என்றார். வாரம் ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு வாயாலும் சொல்ல வேண்டுமாம், ஆகவே பாடத்தை நிறுத்திவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் மறக்காமல் கூப்பிடு, நான் எடுப்பேன். உன் தங்கை என் குரலில் பேசிப் பழகுகிறாள், என் கைக்குப் போன் வரும்வரை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

(பயப்படாதே அக்கா, எனக்கு அந்த வாய்ப்பே இல்லை. இன்று வியாழன்தான், அதற்குள் அம்மா போனைச் சார்ஜில் போட்டு, பக்கத்தில் நாற்காலியும் போட்டாயிற்று.)