மூன்று மாடிக்கும் கேட்கிற மணி

இஞ்சாரும்,

இப்படிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். பரமேஸ்வரி என்ற உம்முடைய பெயரைக் கடைசியாக நான் வாயால் சொன்னது ஆஸ்பத்திரியில். பெயர் எழுதிக்கொண்டிருந்த தாதிக்காகச் சொன்னேன். அவளுக்கு அது ஒரே மூச்சில் வரவில்லை, மூன்று துண்டாக்கித்தான் வாசித்தாள். உமக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்.

உம்முடைய இரண்டாவது ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. நினைவுமலர் அடிக்க வேண்டாம், எங்கள் ஆட்கள் வாசிக்கிற சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன் என்று மகள் சுமதியிடம் சொன்னேன். ஒரு வரியை வெட்டுவதென்றாலும் முழுவதையும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று ஆசிரியருக்குச் சொல்லியிருக்கிறேன். ஊர் வாசிக்கட்டும், எனக்கென்ன. எழுதுவது உமக்கு.

முதலில் வீட்டுப் புதினம். ஓஸ்லோவில், எங்கள் மோர்டென்ஸ்ருட் வீடு அப்படியேதான் இருக்கிறது. நான் கீழ்மாடியில், மகள் குடும்பம் மேலே இரண்டு மாடியிலும். யன்னலோரத்துக் கறிவேப்பிலை இந்தக் குளிருக்கும் சாகவில்லை. மருமகன் கறித்தூளைக் கடையில் பைக்கற்றாக வாங்கி வருகிறார். அதைத் தூள் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, ஆனாலும் சாப்பிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு மின்சாரக்காரர் வந்து புதுப் புகை அலாரம் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

பழையது உமக்கு ஞாபகம் இருக்கும். மிளகாய் வறுக்கிற நாளில் அதன் பற்றரியைக் கழற்றி அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைப்பீர். வறுத்து முடிந்ததும், “இஞ்சாருங்கோ, அதைத் திருப்பிப் போட்டுவிடுங்கோ” என்பீர். நான் கதிரையில் ஏறிப் போடுவேன். ஓஸ்லோவில் இன்றைக்கு எத்தனை தமிழ் வீட்டில் அந்தப் பற்றரி அரிசிக்குப் பக்கத்தில் கிடக்கிறதோ தெரியாது. இதை வாசிக்கிறவர்கள் ஒருக்கால் எழுந்துபோய்ப் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டிலும் கிடந்தது. திவசச் சமையலுக்குக் கீழே வந்த சுமதி, அரிசி அள்ளப் போனவள், கையில் பற்றரியோடு வந்து நின்றாள்.

“அப்பா, இது எவ்வளவு காலமாய் இஞ்சை கிடக்குது?”

“கொம்மா வைச்சது.”

“அம்மா போய் ரெண்டு வருசம்.”

“ஓம். அதைத்தான் நானும் சொல்லுறன்.”

அவள் பற்றரியைச் சட்டைப் பைக்குள் போட்டாள். மேலே போய் யாருக்கோ ரெலிபோன் அடித்தாள். அடுத்த நாள் வந்து சொன்னாள், இனிப் பற்றரிப் பெட்டி இல்லை, வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது, மூன்று மாடிக்கும் ஒன்றோடொன்று தொடுத்துப் பூட்டப்போகிறார்கள், ஒன்று புகையைக் கண்டால் எல்லாம் அடிக்கும் என்று. கழற்றி அரிசிக்குப் பக்கத்தில் வைக்க ஏலாது என்பதையும் மறக்காமல் சொன்னாள்.

அதற்கு நோர்வேயிய மொழியில் வைத்திருக்கிற பெயர்தான் என்னைக் கிளப்பியது. ‘செரியகொப்லெட்’ என்றாள். அதாவது சீரீஸில் தொடுத்தது. இஞ்சாரும், நான் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் படித்தவன் இல்லைத்தான். றேடியோவைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் படித்தவன். சீரீஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்று போனால் எல்லாம் போய்விடும். உயிரைக் காக்கிற சாமானை யாராவது சீரீஸில் தொடுப்பானா? இதைக் கேட்டதற்கு, “அப்பா, உங்களோட கதைக்க ஏலாது” என்றாள் உம்முடைய மகள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உம்முடைய படத்துக்கு முன்னால் காலையும் மாலையும் நான் ஏற்றுகிற விளக்கில் கை வைத்தாள்.

“சாம்பிராணிப் புகை பட்டால் மூண்டு மாடியும் அடிக்கும் அப்பா. பிள்ளையள் பயந்து எழும்பும். எரியிற விளக்கும் வேண்டாம். பற்றரியில எரியிற மெழுகுதிரி வாங்கித் தாறன், அசல் மாதிரி ஆடும்.”

“கொம்மாவுக்குப் பற்றரி விளக்கோ?”

“ஆபத்து எண்டுதானே சொல்லுறன்.”

“அப்ப நான் ரொம்மனில ஒரு அறை எடுத்துக்கொண்டு போறன். விளக்கும் படமும் என்னோட வரும். நீ உன்ர மூண்டு மாடிக்கும் மணி கட்டிக்கொண்டு இரு.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓஸ்லோவின் மற்றப் பக்கத்தில், ரொம்மனில் இருக்கிற தெரிந்தவர் ஒருவரிடம் அன்றே விசாரித்தேன். நீர் இருந்திருந்தால், “போங்கோ போங்கோ, ரெண்டு நாளில சோத்துக்கு வருவியள்” என்று சொல்லி முடித்திருப்பீர். அப்படிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் பேச்சு முற்றிக்கொண்டே போனது. விளக்கு போனால் நானும் போவேன் என்பதில் நான் நின்றேன். அலாரம் பூட்டியே தீருவேன் என்பதில் அவள் நின்றாள்.

மின்சாரக்காரர் ஒரு முற்பகலில் வந்தார். ரூனர் என்று பெயர், நரைத்த பெரிய மனிதர். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வாயைத் திறந்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. ஓஸ்லோக்காரர் ‘நான்’ என்பதற்கு ‘யாய்’ என்பார்கள். வடக்கில் வெறும் ‘ஏ’ மட்டும்தான். இவர் ‘ஏ’ என்றார். நானும் வடகோடிப் பாட்ஸ்பியோர்ட்டில், மீன் ஆலையில் மீன் வெட்டும்போது படித்த பாஷையில், ‘ஏ’ போட்டுப் பதில் சொன்னேன். மனிதர் துளை போடுகிற மெசினைக் கீழே வைத்துவிட்டார்.

“நீ எங்கேயிருந்து வந்தவன்?”

“பாட்ஸ்பியோர்ட்.”

“நான் அதற்குப் பக்கத்து ஊர்” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டொக்டருக்கு முன்னால் வைத்து என் நோர்வேயிய மொழியைத் திருத்துகிற சுமதி பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளை ஒருக்கால் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஊர்க்காரர் என்பதற்காக நான் விடவில்லை. மார்கழியில், நத்தார் காலத்தில் யன்னலில் வைக்கிற ஏழு மெழுகுதிரி மின்விளக்கைச் சாமான் அறையிலிருந்து எடுத்துவந்து, மின்சாரத்தில் கொழுவி, அவருக்கு முன்னால் ஒரு குமிழைத் திருகிக் கழற்றிக் காட்டினேன். ஏழும் நூர்ந்து இருண்டன.

“இதுதான் சீரீஸ். இதையா என் வீட்டில் பூட்டப்போகிறாய்?”

அவர் அந்த விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படிக்கட்டில் தான் பூட்டி வைத்திருந்த ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நடு மாடியில் இருந்ததன் பொத்தானை அமத்தினார். மேல்மாடியில் இருந்ததும் சேர்ந்து கத்தியது.

“ஒன்று செத்தாலும் மற்றது சாகாது. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். நீ சொல்கிற சீரீஸ் இல்லை இது. பெயர்தான் பிழை.”

“அப்படியென்றால் பெயரை மாற்றுங்கள்.”

“வடக்கத்தியான் சொல்லி ஓஸ்லோக்காரன் எதைக் கேட்டிருக்கிறான்?”

சுமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெயர் பிழை என்று அவரே ஒத்துக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன், வீட்டில் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார்கள்.

பிறகு என் அறைக்கு வந்தார். உம்முடைய படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, வேண்டுமென்றே ஏற்றி வைத்திருந்தேன்.

“மனைவியா?”

“ஓம். இவவும் பாட்ஸ்பியோர்ட்தான். மீன்துண்டில் முள் பார்க்கிற மேசையில் நின்றவ.”

“என் தாயும் அந்த வேலைதான்” என்றார். கை விறைத்துப் போகும், இல்லையா என்று கேட்டார். ஓம் என்றேன். நீர் வீட்டுக்கு வந்து வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

சுமதி விளக்குப் பிரச்சினையைச் சொன்னாள். அதற்கு அவர் சொன்னது இதுதான். சமைக்கிற குசினியில் பூட்டுவதுபோல இந்த அறைக்குள் புகைக்கு அடிக்காத, சூட்டுக்கு மட்டும் அடிக்கிற ஒன்றைப் பூட்டலாம். புகைக்கு அடிப்பது வெளியே நடையில் இருக்கட்டும். சாம்பிராணி போடும்போது கதவைச் சாத்தி யன்னலைத் திறந்துவிடட்டும். விளக்கு எரியலாம், ஆனால் ஆள் நித்திரை கொள்ளும்போது எரியக்கூடாது.

“அவ இருக்கேக்கையும் நாங்கள் லைற்றை எரிய விட்டிட்டுப் படுத்ததில்லை. நூர்த்துப்போட்டுத்தான் படுப்பன்” என்றேன்.

“உண்மையாய்?” என்றாள் சுமதி.

“கொப்பன் எப்ப உனக்குப் பொய் சொன்னவன்?”

விளக்கு தப்பியது. ரொம்மனும் தேவையில்லாமல் போனது. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்துக்கு ஏன் இந்தச் சண்டை? சுமதியிடம் கேட்டேன். “உனக்கு மேலை ஒண்டு, எனக்குக் கீழை ஒண்டு போதாதோ? ஏன் எல்லாத்தையும் தொடுக்கோணும் எண்டு நிக்கிறாய்?”

அவள் படியில் குந்திவிட்டாள்.

“போதாது அப்பா. அண்டைக்கு நீங்கள் கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை.”

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. நீர் குசினியில் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. உம்முடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு ‘சுமதி, சுமதி’ என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் வரவில்லை. அம்புலன்சுக்கு நானே ரெலிபோன் அடித்தேன். அதற்குப் பிறகுதான் மேலே ஓடினேன். உமக்கு அது கேட்டதா? கேட்டிருந்தால் என்ன நினைத்தீர்?

“வக்கூம் மெசினால தூசு இழுத்துக்கொண்டு நிண்டனான் அப்பா. மேல் அறையில, கதவைச் சாத்திப்போட்டு.”

“நான் உன்னை ஒண்டும் கேக்கேல்லையே.”

“நீங்கள் கேக்கேல்லை. ஆனால் அண்டைக்குப் பிறகு நீங்கள் கீழை நிண்டு என்னைக் கூப்பிடுறதே இல்லை. அந்த முழங்காலோட ரெண்டு மாடியும் ஏறி வந்து, ‘உப்பு இருக்கோ’ எண்டு கேட்டிட்டுப் போறியள்.”

இஞ்சாரும், அது உண்மைதான். கூப்பிட்டேன், வரவில்லை, இனிக் கூப்பிடுவதில்லை என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. வாயால் ஒரு சொல் விட்டதில்லை, அதனால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். நான் ஏறி வந்த ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தமிழ் விளங்காத ரூனர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முடிந்தது, இனிச் சோதிக்க வேண்டும், ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றார். சுமதி எழுந்து மேல்மாடிக்குப் போனாள். நான் கீழ்நடையில் கதிரையில் ஏறினேன். நடு மாடியில் நின்ற ரூனர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“உன் மகள் கதவைச் சாத்திவிட்டு வக்கூம் போட்டிருக்கிறாளே. இப்போது ஏன் வீடு துப்புரவாக்குகிறாள்?”

“அவள் போடட்டும். நான் அமத்தட்டா?”

“அமத்து.”

அமத்தினேன். எனக்கு மேலே, நடுவில், உச்சியில் என்று முழு வீடும் சேர்ந்து கத்தியது. எனக்குக் காது அடைத்துப்போனது. அந்தச் சத்தத்துக்குள்ளும் படியில் கால்கள் இறங்கி வருவது தெரிந்தது. ரூனரையும் தள்ளிக்கொண்டு, வெறும் காலுறையோடு, சறுக்கிச் சறுக்கி ஓடி வந்து என் முன்னால் நின்றாள். சோதனை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“கேட்டுது அப்பா” என்றாள்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கதிரையிலிருந்து இறங்கினேன். மணியை நிறுத்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ரூனர்தான் வந்து நிறுத்தினார்.

இஞ்சாரும், மன்னிப்பது, மறப்பது என்று ஆட்கள் மேடையில் சொல்கிற பெரிய சொற்கள் எனக்கு வராது. வந்தாலும் நீர் நம்பமாட்டீர். அன்றைக்கு அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாள். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும்.

உமக்கு நான் தருகிற வாக்கு ஒன்றுதான். இனி உப்போ தேயிலையோ எது வேண்டுமானாலும், கீழே படியடியில் நின்று ‘சுமதி’ என்று கூப்பிடுவேன். கேட்காவிட்டால் இன்னொரு தரம் கூப்பிடுவேன். அதற்கும் கேட்காவிட்டால், வருமட்டும் கூப்பிட்டுக்கொண்டே நிற்பேன்.

மோர்டென்ஸ்ருட், கீழ்மாடியிலிருந்து,
ஊருக்கெல்லாம் நீர் ‘எங்கட இவர்’ என்று சொன்ன உம்முடைய மனுசன்,
சுமதியின் அப்பா.