நம்பர் மாற்றிய கதவு

அரூர்,
வியாழக்கிழமை

அன்பு மகன் கலைவாணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் நான் இங்கே சௌக்கியம். புனேயில் நீயும் பிரியதர்ஷினியும் பாப்பாவும் சௌக்கியமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தில் அந்த வசதி கிடையாது, கடைசி வரி வரைக்கும் நீ படித்துத்தான் ஆகவேண்டும். இங்கே மழை தூற்றல் போட்டு மண்ணை நனைத்துவிட்டுப் போய்விட்டது, வெக்கை அப்படியே இருக்கிறது. என் முழங்காலும் அப்படியே. இண்டூர் சித்தப்பா மகன் நவநீதனுக்குப் பெண் அமைந்துவிட்டது, வைகாசியில் கல்யாணம். கை கூப்புகிற பொம்மையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதே, நேரில் வந்து நில். பாப்பாவுக்குச் சளி என்றாயே, ஏ.சி.யைக் குறைத்து வை, ஐஸ்கிரீம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்.

இனி உன் வியாபாரத்துக்கு வருகிறேன். கோட்டுப் போட்ட ஒருவன் வீடியோவில் சொன்னானாம், வீடு வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டால் தூங்கும்போதும் வருமானம் என்று. உடனே நீயும் அரூரில் நாலு போர்ஷன் இருக்கிற வீட்டைப் புனேயில் இருந்தபடியே விலை பேசி வாங்கினாய். பத்திரப் பதிவுக்கு ஒரே ஒரு நாள் வந்தாய், அன்றைக்கும் காரை விட்டு இறங்கி வீட்டுக்குள் போய்ப் பார்க்கவில்லை. ஆள் வைத்தால் ஏமாற்றிவிடுவான் என்று நாலு கதவிலும் நம்பர் பூட்டு, வாசலில் பேசுகிற கேமரா. பெரிய மனிதன்! முன்போர்ஷனுக்கு பூபதி சார் குடும்பம் குடி வந்து பால் காய்ச்சிய அன்றைக்குச் சுவரில் இருந்து உன் குரல், ஆணி அடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்று. அந்தப் பெண் பதறிப்போய்ப் பால் பொங்குவதற்கு முன்பே இறக்கிவிட்டாள். கரண்ட் பில் அதிகம் என்று நீ அங்கிருந்தே மோட்டாரை நிறுத்துவாய், இங்கே தாலுகா ஆபீஸ் போகவேண்டிய மனிதர் தலையில் சோப்போடு பாத்ரூமில் நிற்பார், பக்கத்துத் தெருவில் இருந்து நான் குடத்தோடு ஓட வேண்டும். உன் வருமானம் தூங்கும்போது வருகிறது, தண்ணீர் என் இடுப்பில் வருகிறது. இதையெல்லாம் சொன்னால் உனக்குச் சிஸ்டம் புரியவில்லை அம்மா என்பாய். முப்பது வருஷம் சத்துணவுக் கூடம் நடத்தியவளுக்கு உன் நாலு கதவு புரியவில்லையாம்.

அதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன். தீர்த்தகிரிக்கு நீ செய்ததை என்னால் தள்ள முடியவில்லை. கடைசிப் போர்ஷனில் இருந்த சித்தேரி மலைக்காரர், மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். உனக்கு அவர் முகம் தெரியாது, போர்ஷன் நம்பர்தான் தெரியும். அவர் பெண்சாதி சின்னபொண்ணு துணிக்கடையில் வேலை. வாடகை ஒரு மாதம் தள்ளிப்போனதில்லை, அதை நீயே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். குடிப்பழக்கம் இல்லாத அந்த மனிதனுக்கு எங்கிருந்தோ ஈரல் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் கிடந்து, இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இதை பூபதி சார் நீ குடியிருப்பவர்களுக்கு வைத்திருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாராம், பாவம், நீ ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாய் என்று நினைத்து.

நீ என்ன செய்தாய்? செல்போனில் ஜோசியம் பார்த்தாய். செவ்வாயில் இருந்து சனிக்கிழமை வரைக்கும் அவிட்டம் தொடங்கி ரேவதி முடிய அடைப்பு நட்சத்திரங்கள், அதில் உயிர் போனால் ஆறு மாதம் வீட்டை அடைத்துப் போட வேண்டும், ஆறு மாத வாடகை போய்விடும். தூ! சாமி அறைக்குள் செருப்போடு நடக்கிறவன் நீ. உன் அப்பாவுக்குத் திதி என்றைக்கு என்று வருஷா வருஷம் என்னிடம் கேட்கிறவன். வாடகை என்றதும் இருபத்தேழு நட்சத்திரமும் உனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதோடு நிறுத்தினாயா? புனேயில் இருந்தபடியே அவர்கள் கதவுப் பூட்டின் நம்பரை மாற்றினாய்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கொளுத்துகிற வெயிலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. பூபதி சார் வீட்டில் இருந்து எனக்கு ஆள் வந்தது, போனேன். சின்னபொண்ணு கதவில் நம்பரை அமுக்கிக்கொண்டே இருக்கிறாள், அது கீங் கீங் என்று கத்துகிறது. ஆத்தா, தொறக்க மாட்டேங்குதுங்க, தப்பா போடறனாங்க என்று என்னைக் கேட்கிறாள். தன் வீட்டு நம்பரே தனக்கு மறந்துபோய்விட்டதோ என்று அவளுக்கு அழுகை. அப்போதுதான் பூபதி சார் அவள் செல்லை வாங்கிப் பார்த்து, நீ அனுப்பியிருந்ததை வாசித்தார். அடைப்பு நட்சத்திரம் சனிக்கிழமை வரை இருப்பதால் நோயாளியைச் சொந்த ஊருக்குக் கொண்டு போகவும், சாமான்களைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், அட்வான்ஸ் திருப்பித் தரப்படும். ஆம்புலன்ஸ் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் சுவரில் இருந்து உன் குரல், அம்மா நீங்க இதுல தலையிடாதீங்க, சித்தேரியில அவங்களுக்குச் சொந்த வூடு இருக்குல்ல என்று. அந்த மலை ரோட்டு வளைவில் திடமான ஆட்களே பஸ்ஸில் வாந்தி எடுப்பார்கள். கண் மேலே சொருகிக் கிடக்கிற மனிதனை அதில் உருட்டிக்கொண்டு போகச் சொல்கிறாய். இத்தனை பேருக்கு நடுவில் உன்னை என் மகன் என்று நினைக்கவே எனக்குக் கூசியது கலைவாணா.

வீட்டுக்குப் போய்த் தென்னைக்குக் குழி எடுக்கிற கடப்பாரையைக் கொண்டு வந்தேன். பூபதி சார், அம்மா ஓனர் பாத்துட்டிருக்காருங்க என்றார். நல்லா பாக்கட்டும் என்றேன். நாலு போடு போட்டதும் மூச்சு வாங்கியது, மீதியை அந்த டிரைவர் பார்த்துக்கொண்டார். நீ மேலே இருந்து அம்மா, அம்மா, வாரண்டி போயிரும் என்று கத்திக்கொண்டிருந்தாய். ஒரு பக்கெட்டை எடுத்து அந்தக் கேமராவின் மேல் கவிழ்த்துக் கட்டச் சொன்னேன்.

உள்ளே கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். மின்விசிறிக்குக் கீழே படுத்ததும் அவர் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார், நம்ம வூடா என்றார். ஆமா மாமா நம்ம வூடுதான் என்றாள் சின்னபொண்ணு. நான் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தேன். அவள் அவர் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் போனபோதுதான் காதில் விழுந்தது. சனிக்கெழம மட்டும் தாண்டட்டும் மாமா, ஞாயித்துக்கெழம போயிக்கலாம், கொஞ்சம் தாங்கிக்க மாமா என்கிறாள். கட்டின புருஷன் பிழைக்க வேண்டும் என்று வேண்ட வேண்டியவள், உன் ஆறு மாத வாடகைக்காக, சாகிற தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். நான் அவளை அதட்டினேன், அப்படிச் சொல்லாதே என்றேன். அவள் நிறுத்தவில்லை.

அவரும் தாங்கித்தான் பார்த்தார். சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டார். நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். சின்னபொண்ணு வந்து நின்றாள், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கங்க ஆத்தா, ஒரு நாள் முந்திட்டாருங்க, உங்க பையன்கிட்ட நீங்கதான் சொல்லணும் என்றாள். புருஷன் செத்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் பெற்ற பிள்ளை செய்ததற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். இதற்குமேல் எனக்கு என்ன அவமானம் வேண்டும். அன்று இரவே மலையில் இருந்து ஜனங்கள் வேன் பிடித்து வந்தார்கள், மறுநாள் காலையில் உன் வாசலில் இருந்துதான் எடுத்தோம். செய்தி தெரிந்து நீ அனுப்பியது ஒரே ஒரு மெசேஜ், உடைந்த கதவை போட்டோ எடுத்து அனுப்பவும், இன்சூரன்ஸ் என்று. அதை நான் அவளிடம் காட்டவில்லை.

வீட்டை அடைக்கவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள், விளக்கு எரிகிறது. தச்சர் வந்து கதவைச் சரி செய்து கொண்டி போட்டுக் கொடுத்தார், மற்ற மூன்று வீட்டுப் பூட்டையும் கழற்றச் சொல்லிவிட்டேன், அவரவர் சாவி அவரவரிடம். மனிதர்களோடு பழகத் தெரியாவிட்டால் வீடு வாடகைக்கு விடாதே, விற்றுத் தொலை, அந்தப் பணத்தை பேங்கில் போடு, பேங்கில் யாரும் சாக மாட்டார்கள்.

நேற்று ஒரு பார்சல் வந்தது. எனக்கும் ஒரு நம்பர் பூட்டு அனுப்பியிருப்பதாக மெசேஜ் போட்டிருந்தாய், அம்மா தனியாக இருக்கிறாள், பாதுகாப்பு என்று. போன தீபாவளிக்கு இந்த வீட்டையும் உன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன், நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். எனக்கும் ஒரு நாள் ஆம்புலன்ஸ் வரும் கலைவாணா. அன்றைக்கு என்ன நட்சத்திரமோ, எனக்குத் தெரியாது. பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிரியதர்ஷினிக்கும் பாப்பாவுக்கும் என் ஆசீர்வாதம், நீங்கள் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பெற்ற வயிறு வேறு என்ன சொல்லும். கல்யாணத்துக்கு வரும்போது முதலில் சின்னபொண்ணு வீட்டுக்குப் போய் அவளைப் பார், அவள் உட்காரச் சொன்னால் உட்கார், சொல்லாவிட்டால் நின்று பேசு. பிறகு இங்கே வா. கதவைத் தட்டு. யாரது என்று கேட்டுவிட்டுத் திறக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தீர்த்தம்மாள்