பெரிய கட்டம், முழுக் கேள்வி

பரிமளம்,

"எழுத்தைத்தானே பெரிசாக்கச் சொன்னனான். கேள்வியை ஏனப்பா லேசாக்கினீங்கள்?" என்று நேற்றுக் கேட்டாய்.

"கண் தெரியாமல் கஷ்டப்படுறாய் எண்டுதான்" என்றேன்.

"கண்தானே மங்கினது. மூளையுமோ?"

நான் வரைந்து தந்த குறுக்கெழுத்துத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாய்.

விடிய எழும்பி முழுவதையும் திரும்ப வரைந்திருக்கிறேன். பத்திரிகையில் இருந்த ஒரு கேள்வியையும் இம்முறை விடவில்லை. ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டி அகலம். கறுப்புக் கட்டங்களில் நூல் ஒட்டியிருக்கிறேன்; விரல் பட்டாலே தெரியும். கேள்விகள் தனித்தாளில், இந்தச் சீட்டைப் போலவே தூரிகையால் பெரிதாக எழுதியவை.

இடியப்பமும் சொதியும் மூடி வைத்திருக்கிறேன். பின்கதவுத் திறப்பு ஆணியில் தொங்குகிறது. பக்கத்து வீட்டு ஹப்ஸா மீன் கொண்டு வருவா. கதவைத் தட்டினால் திற. கந்தோர் வேலை முடிந்ததும் நேரே ரயில் ஏறி வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துவிடுவேன்.

பி.கு.: நான் விட்ட கேள்விகள் உனக்குக் கஷ்டமானவை அல்ல. எனக்கு விடை தெரியாதவை.

இன்னுமொன்று. கலியாணம் கட்டிய நாள் தொட்டு, நீ பென்சிலும் கையுமாக இருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்பேன். கேட்க வெட்கமாக இருக்கும், போய்விடுவேன். இன்றைக்குப் பின்னேரம் என்னையும் சேர்த்துக்கொள்வாயா?