எங்கள் கிணற்றை வெட்டியவர்

ஆவணி 12, வியாழன் இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள்.

போன வாரம் சரித்திர டீச்சர், "ராஜாக்கள் வெட்டிய குளமெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கிணற்றை யார் வெட்டினார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்றார். எங்கள் வயலில் களையெடுக்கும் பொன்னிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டேன்.

"எங்கப்பன் மாரன் வெட்டுனதுங்க, அம்மிணி. ஊத்து வந்த அன்னைக்கே, இனிக் கெணத்துக் கயித்தத் தொடாதேன்னுட்டாங்களாம்" என்று சிரித்துக்கொண்டே கையை ஏந்தினாள்.

அப்படியே எழுதினேன். டீச்சர் அதை வகுப்பில் படித்துக் காட்டினார். இன்று மாலை அப்பா என் பள்ளி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"இதை ஆரு சொன்னா?"

"டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுனேனுங்க."

"அந்தம்மாளை நாளைக்கே ஊருக்கு அனுப்பீரலாம்" என்றார். பள்ளிக் கமிட்டியில் அவர் சொல்வதுதான் நடக்கும். பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

பொன்னியைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் பொன்னி என் நினைவிலேயே இல்லை. அடிக்குப் பயந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதப் பழகத்தான் சரித்திரம் படிக்கிறோம் என்று டீச்சர் சொல்வார். அதனால் எரிந்த பக்கத்தை இங்கே மறுபடி எழுதுகிறேன்.

எங்கள் கிணற்றை வெட்டியவர் மாரன். இதை டீச்சர் சொல்லித் தரவில்லை. நானே கேட்டு எழுதினேன்.

கதவு தட்டும் சத்தம். "அம்மிணி, இன்னும் எதுக்கு வெளக்கு?" அப்பாதான். இந்த நோட்டை ஒளிக்கவா, இல்லை அவர் கையிலேயே