பேர் கொடுக்காத சனிக்கிழமைகள்

3 ஆகஸ்ட் 2009, திங்கள்

சிதம்பரம் வரை நின்றுகொண்டே பயணம். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று பிடுங்கிப் போட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. முதுநகர் ஜங்ஷன் பக்கத்திலேயே வீடு இருந்தும் எனக்கு பஸ்தான் கதி.

ஆபீஸில் நுழைந்ததும் சூப்பிரண்டு மணவாளன் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். என்மேல் மொட்டைப் பெட்டிசன் வந்திருக்கிறது. நாலே வரி, டைப் அடித்தது. இவர் கிறிஸ்தவர், இந்து ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் கொடுத்து எஸ்.சி. இடத்தில் வேலைக்கு வந்தவர் என்று.

"நெசமா அன்பரசு?"

"சொந்தக்காரங்க சில பேர் சர்ச்சுக்குப் போவாங்க சார். நாங்க இல்ல."

எவ்வளவு சுலபமாக வந்தது! இருபது வருஷமாக நாக்கு இதற்குத் தயாராகவே இருந்திருக்கிறது போல.

சான்றிதழில் நான் அன்பரசு. சபைப் பதிவேட்டில் யோசுவா. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா என்னை இந்து என்று எழுதினார். நான் படிக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் நினைத்தது. ஞானஸ்நானம் வாங்கினால் நாங்கள் எஸ்.சி. இல்லை என்று சர்க்கார் சொல்கிறது. எந்த டீக்கடையிலும் யாரும் எங்களுக்கு அப்படிச் சொன்னதில்லை.

9 ஆகஸ்ட், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. நேற்றுப் பேர் கொடுக்கவும் போகவில்லை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு எங்கள் சபையில் நற்கருணை. அப்பமும் ரசமும் வாங்குகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே, ஐயருக்குத் துணையாகச் சபை வேலை பார்க்கிற உபதேசியாரிடம் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் தீர்த்துவிட்டு வந்து பேர் கொடு என்பார்கள். அம்மாவுக்கு இந்த வழக்கம் உயிர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகும், சனிக்கிழமையானால் என்னைத் துரத்திவிடுவாள். வாய் கொஞ்சம் குழறும். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடமாட்டாள்.

"பேரு குடுத்தியா?"

"இந்த மாசம் வேணாம்மா."

"யாரோட சண்டை?"

வெளியே வந்துவிட்டேன்.

24 ஆகஸ்ட், திங்கள்

நேரில் விசாரிக்க தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. வருகிறாராம், வியாழக்கிழமை. வாசல்மேல் இருந்த சிலுவையைக் கழற்றினேன். வசனக் காலண்டரையும். இசைவாணி பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெருமாள் படம் வாங்கி வந்தாள். நானும் அவளும் பேசிக்கொள்ளவே இல்லை. திருடப் போன இடத்தில் புருஷன் பெண்டாட்டி இப்படித்தான் இருப்பார்களோ என்னவோ.

அம்மா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆணிய விட்டுட்டியே" என்றாள். அது கழன்று வரவில்லை.

27 ஆகஸ்ட், வியாழன்

வந்தார். நல்ல மனிதர். தண்ணீர் வாங்கிக் குடித்தார். எந்தக் கோயில், யார் குலதெய்வம், கல்யாணம் எங்கே நடந்தது என்றெல்லாம் கேட்டார். பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தேன். மகள் சிந்துஜா ஸ்கூலுக்குப் போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

கிளம்புகிற நேரத்தில் கட்டில் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க எந்த சாமியக் கும்புடுவீங்க?"

அம்மா வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். உதடு கூடி வந்தது.

"அவுங்களுக்குப் பேச்சு வராது சார். ஸ்ட்ரோக்கு."

அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

28 ஆகஸ்ட்

அம்மா பேசவில்லை.

30 ஆகஸ்ட், ஞாயிறு

பேசவில்லை. கஞ்சியை வாங்கிக்கொள்கிறாள். என்னைப் பார்க்கிறாள். கோபமாகப் பார்த்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

13 செப்டம்பர், ஞாயிறு

இன்று பேசினாள். "ஐயர வரச்சொல்லு." எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். "எனக்கு நற்கருணை வேணும்டா. பாவ அறிக்கை பண்ணணும்."

"நீ என்னம்மா பாவம் பண்ண?"

"அந்த ஆளு கேட்டப்ப நான் வாயத் தெறக்கல. எனக்கா பேச்சு வராது? ஆண்டவரத் தெரியாதுன்னு பேதுரு மூணு தரம் சொன்னான். நான் ஒரு தரம் சும்மா இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் சும்மா இருந்தது எனக்காக. என் வேலைக்காக. அந்தப் பாவத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ரிப்போர்ட் இன்னும் போகவில்லை. இந்த நேரத்தில் அங்கி போட்ட ஐயர் எங்கள் வாசலில் வந்து இறங்கினால்? பெட்டிசன் போட்டவன் இதே தெருவில் இருந்தால்? "விசாரணை முடியட்டும்மா, ஒடனே கூட்டியாறேன்" என்றேன்.

14 அக்டோபர், புதன்

காலை ஆறரைக்கு அம்மா போய்விட்டாள். ராசம்மாள், வயது எழுபத்தொன்று.

ஐயர் வரவில்லை. நான் கூப்பிடவில்லை.

17 அக்டோபர், சனி

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சபைக் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு இடம் இருக்கிறது. அவளே பார்த்து வைத்த இடம். அங்கே கொண்டுபோகவில்லை. ஊர்ப் பொதுச் சுடுகாட்டில் புதைத்தோம். சங்கு ஊதினார்கள், சேகண்டி அடித்தார்கள். தெருவே பார்க்கட்டும் என்றுதான் எல்லாம். யாரோ திருநீற்றுத் தட்டை நீட்டினார்கள். என் கையால் அவள் நெற்றியில் பூசினேன். அறுபது வருஷம் அந்த நெற்றியில் ஞானஸ்நானத் தண்ணீரைத் தவிர எதுவும் பட்டதில்லை.

தெருமுனையில் ஐயர் நின்றுகொண்டிருந்தார். அங்கி இல்லை, சாதாரணச் சட்டை. பாடை தாண்டும்போது அவர் உதடு மட்டும் அசைந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

ஐயோ அம்மா. என்ன மனுசன் நான்.

2 நவம்பர், திங்கள்

கல்லறைத் திருநாள். அப்பாவுக்குப் பூ வைக்கக்கூடப் போகவில்லை.

18 பிப்ரவரி 2010, வியாழன்

புகாருக்கு ஆதாரம் இல்லை என்று உத்தரவு வந்துவிட்டது. மணவாளன் ஸ்வீட் கேட்டார். மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒன்று தின்றேன்.

2 ஏப்ரல், பெரிய வெள்ளி

எங்கள் சபைக்கு மறுபடி போய் வருகிறோம். ஆனால் இன்று சிதம்பரத்திலேயே, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு சர்ச்சில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பிரசங்கி யூதாசையும் பேதுருவையும் பற்றிப் பேசினார். இரண்டு பேரும் துரோகம் செய்தார்கள், இரண்டு பேரும் மனம் வருந்தினார்கள். யூதாஸ் காட்டிக்கொடுத்து வாங்கின காசைக்கூடத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஆனால் அவன் ஆண்டவரிடம் போகவில்லை, ஆசாரியர்களிடம் போனான். பேதுரு அழுதுவிட்டு, வெட்கத்தோடாவது மற்றவர்களோடு இருந்தான். அதனால் உயிர்த்தெழுந்த ஆண்டவர் வந்து, என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று கேட்டபோது பதில் சொல்ல அவன் அங்கே இருந்தான். அழுகை மனந்திரும்புதல் இல்லை, திரும்பி வருவதுதான் என்றார்.

எனக்கு அழுகை நன்றாக வருகிறது. பஸ்ஸில், குளிக்கும்போது, ஃபைல் பார்க்கும்போது. அதற்கு ஒரு விலையும் இல்லை என்று இன்று தெரிந்துகொண்டேன்.

11 ஏப்ரல், ஞாயிறு

ஐயரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். அண்ணே என்பார்.

"மன்னிப்பு இனாம்ணே. அதுதான் சுவிசேஷம். அதுல எனக்கே சந்தேகம் வந்துச்சுன்னா இந்த அங்கியக் கழட்டிப் போட்டுடணும்."

"அப்ப அடுத்த மாசம் பேர் குடுத்துடட்டுமா?"

"குடுங்க, வேணாங்க மாட்டேன். ஆனா நீங்க எங்க திரும்பிப் போவணும்னு ஒங்களுக்கே தெரியும்."

தெரியும். மணவாளன் மேஜைக்கு. நான் சொன்னது பொய் என்று அங்கே எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை போகும். சிந்துஜாவின் சான்றிதழும் செல்லாமல் போகும்.

"ஐயரு என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "எந்தம்பி ஸ்கூல் வாத்தியாரு. அவனுக்கும் இதே சர்டிபிகேட்தாண்ணே. வருசா வருசம் அவன் பேர நாந்தான் பதிவேட்டுல ஏத்தாம விடறேன்."

இரண்டு பேரும் டீ குடித்தோம். வேறு என்ன செய்வது.

7 மே 2011, சனி

பேர் கொடுக்கவில்லை. சிந்துஜா கொடுத்தாள். போன வருஷம் திடப்படுத்தல் ஆகி நற்கருணை வாங்க ஆரம்பித்ததிலிருந்து அவள் ஒரு மாதமும் விட்டதில்லை. நற்கருணை நேரத்தில் அவள் எழுந்து போகிறாள், நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

8 ஜனவரி 2012, ஞாயிறு

தானே புயல் அடித்து ஒன்பது நாள். கரண்ட் இல்லை. ஊரில் ஒரு மரம் நேராக நிற்கவில்லை. சபையார் எல்லோரும் கத்தி கோடாலியோடு கல்லறைத் தோட்டம் போனோம். அப்பாவின் சிலுவைமேல் வேம்பு விழுந்திருந்தது. கிளைகளை வெட்டி இழுத்தபோது பக்கத்தில் அந்த ஆறடி இடம் தெரிந்தது. இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் இடமில்லாமல் அலைந்தார்கள். ஐயர் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

இசைவாணிதான் சொன்னாள். "அத்தை இருக்கற எடத்துலேருந்து ஒரு பிடி மண்ணாவது கொண்டாந்து இங்க போடலாங்க."

9 ஜனவரி, திங்கள்

லீவு போட்டுவிட்டுப் பொதுச் சுடுகாட்டுக்குப் போனேன். புயல் எல்லா மேட்டையும் சமமாக்கியிருந்தது. குழி தோண்டுகிற பச்சமுத்துவிடம் கேட்டேன்.

"எங்கன்னு கேட்டா நான் எப்புடி சார் சொல்றது? கல்லு கில்லு நட்டிருந்தீங்களா?"

இல்லை. கல் நட்டால் சிலுவை போடவேண்டி வரும் என்று நடவில்லை.

"ரெண்டு வருசம் ஆச்சுங்கறீங்க. மேல ரெண்டு பேரு வந்திருப்பாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எந்த மண்ணை அள்ளுவது என்று தெரியாமல் வெறுங்கையோடு வந்தேன்.

22 மே, செவ்வாய்

பிளஸ் டூ ரிசல்ட். சிந்துஜா நல்ல மார்க். எஸ்.சி. இடத்தில் மெடிக்கல் கிடைத்துவிடும் என்று டீச்சர் சொன்னாராம். கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று எழுதினால் பி.சி. கணக்கு. கிடைக்காது.

26 மே, சனி

எழுதினேன். மணவாளன் மேஜைக்குப் போக வேண்டிய கடிதம். ஒன்றரைப் பக்கம், என் கையெழுத்தில். மூன்று வருஷத்துக்கு அப்புறம் நன்றாக மூச்சு விட்டேன். இசைவாணியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"குடுங்க. தாராளமா குடுங்க. ஒங்க மனசு ஆறணும், அவ படிப்பு நாசமாப் போவணும், அப்புடித்தான? அத்தைய வாயடைச்சது நீங்க. அதுக்கு எம்பொண்ணா பலி?"

கடிதத்தை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவியை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இன்னொரு பேப்பர் எடுத்தும் எழுதியிருக்கலாம்.

12 ஜூன், செவ்வாய்

சிந்துஜாவுக்குப் புதுச் சான்றிதழ் வேண்டும். பழைய பெட்டிசன் ஃபைலில் இருப்பதால் மறுபடி நேர் விசாரணை. சிலுவை இறங்கியது, பெருமாள் ஏறினார். அதே ஆணி.

வந்தது ஒரு பெண் அதிகாரி, சின்ன வயசு. என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நேராக அவளிடம் போய்விட்டார்.

"கோயிலுக்கெல்லாம் போவியாம்மா?"

சிந்துஜா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பதிலாகப் பொய்யையாவது நானே சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெருமாள் கோயில் மேடம். பொரட்டாசி சனிக்கெழம தவறாம போவோம்."

தட்டுத் தடுமாறவே இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றவள்தானே.

7 ஜூலை, சனி

சீட் கிடைத்துவிட்டது. லெட்டர் வந்தது. இசைவாணி அழுதாள், சிரித்தாள், தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள்.

சாயங்காலம் கடைத்தெருவில் உபதேசியார் கோவிந்தசாமி சைக்கிளை நிறுத்தினார். கையில் பேர் நோட்டு. "நாளைக்கு நற்கருணையாச்சே, பாப்பா பேரு வரலியே. போன மாசத்துதும் வரல. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

போன மாதமும் என்றால் ஜூன் ஒன்பது. ஆர்.ஐ. வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே அவள் முடிவு செய்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தேன். சிந்துஜா காலேஜுக்கு எடுத்துப்போக வேண்டியதைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். துணி, டம்ளர், புதுச் செருப்பு. அம்மாவின் வேதப் புத்தகம் அலமாரியிலேயே இருந்தது.

"பேரு குடுக்கலியாம்மா?"

அவள் நிமிரவில்லை. ஒரு சுடிதாரை மடித்து வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"நீங்க கடைசியா எப்பப்பா குடுத்தீங்க?"

மாதமும் வருஷமும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.