தூண்டில் வீசும்போது பெயர் சொல்லாதே

வேங்கிக்கால்,
மார்கழி, புதன்கிழமை காலை.

அன்பு மகள் தென்றலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் பிடிவாதம் பிடிக்கிறது. நியூசிலாந்தில் இப்போது கோடை என்றாலும் ஆற்றுத் தண்ணீர் ஐஸ் போல இருக்கும் என்றாயே, உடம்பைப் பார்த்துக்கொள். இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போனில் பேசினால் போதாதா என்று கேட்பாய். இதில் வரும் ஒரு பெயரை வாயால் சொல்ல எனக்கு விருப்பமில்லை, அதுதான் காரணம். நீயும் மனதுக்குள்ளேயே படி, வழக்கம்போல உரக்கப் படித்து உன் அறைத் தோழிக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்காதே. சொல்ல வந்தது ஒன்றுதான். தூண்டில் வீசும்போது சொல்லச் சொல்லி நான் கற்றுக்கொடுத்தேனே, அந்த வருகைப் பதிவேட்டுப் பெயர்கள், அவற்றை இனிமேல் சொல்லாதே. ஏன் என்பதை வரிசையாக எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

ஆவணி மாதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஏம்பா, இங்க எல்லாரும் ஆத்தங்கரையில நின்னுக்கினு நூலைச் சாட்டை மாதிரி சுத்திச் சுத்தி வீசி மீன் புடிக்கிறாங்க, எனக்கும் ஆசையா இருக்கு, ஆனா சாமானெல்லாம் வெல ஜாஸ்தி, கம்மி செலவுல கத்துக்க முடியாதா?" என்றாய். தெரியாது என்று சொல்ல வாத்தியார் வாய்க்குப் பழக்கமில்லை. அதனால் நானும் இங்கே ஒரு சாதாரணத் தூண்டில் கோலை வரவழைத்துப் பழகத் தொடங்கினேன், நீ அங்கே, நான் இங்கே. உனக்கு அன்று சொன்ன பாடத்தையே மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பழக்கத்தை நீ விட வேண்டும் என்று நான் எழுதவில்லை. நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு போய் விழுகிறது, நூல் அதன் பின்னால் போகிறது. இதில் முள்ளில் கட்டியிருப்பது இறகாலும் நூலாலும் செய்த பொய்ப்பூச்சி, அதற்கு எடையே கிடையாது. துவைத்த ஈரத் துண்டை உதறும்போது அதன் நுனி எட்டிப் போய்ச் சொடுக்குகிறது அல்லவா, அதே சங்கதிதான் இது, எடை நூலில் இருக்கிறது. ஆகவே கையில் இருப்பதை நல்ல நூலுக்குச் செலவு செய். கோல் யாராவது பயன்படுத்தி விற்றதாக இருந்தாலும் போதும். சுருள் என்பது நூலைச் சுற்றிவைக்கிற ஒரு டப்பா, அதற்கு அதிகம் கொடுக்காதே. மார்பு வரை போடும் ரப்பர் உடுப்பு வேண்டவே வேண்டாம், கரையில் நின்றே வீசலாம், கரையில் நின்று மட்டும்தான் வீச வேண்டும். பூச்சியை நீயே கட்டு. நான் கிரிவலப் பாதையில் மயில்கள் உதிர்த்த இறகின் ஓர் இழையும், சேவல் கழுத்து இறகும், தையல் நூலும் வைத்துக் கட்டினேன், முடிச்சு அவிழாமலிருக்க அம்மாவின் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தேன். "நகத்துக்கு வாங்கினத பூச்சிக்குப் பூசுற மனுஷன உலகத்துலயே நான் ஒருத்திதான் கட்டிக்கினேன்" என்று அம்மா நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். இறகை உனக்கு அனுப்பினால் உங்கள் ஊர் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், நீ அங்கே கிடைக்கும் ஆட்டுரோமத்தில் கட்டிக்கொள்.

இந்த வித்தையில் கஷ்டமான இடம் ஒன்றே ஒன்று. நூலைப் பின்னால் வீசியதும் அது முழுதாக நீளும்வரை கை சும்மா இருக்க வேண்டும், பிறகுதான் முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு நொடி சும்மா இருக்க யாருக்கும் முடிவதில்லை. நம் மொட்டை மாடியில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துணுக்கைக் கட்டி வீசிப் பார்த்தபோது எனக்கும் முடியவில்லை, நூல் முதுகிலும் கொடிக்கயிற்றிலும் சுற்றிக்கொண்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வகுப்பில் ஒரு பெயரைச் சொன்னால் பிள்ளை "உள்ளேன் ஐயா" என்று சொல்லும்வரை காத்திருப்போமே, அந்த இடைவெளி அளவாக இருந்தது. பெயரைச் சொல்லிப் பின்னால் வீசு, பதில் வரும் நேரம் பொறு, முன்னால் வீசு. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பதிவேடு எழுதினேன், மனதில் நின்றது ஓர் எட்டாம் வகுப்புப் பட்டியலின் கடைசி ஐந்து பெயர்கள்தான். கவிநிலா, சிந்துஜா, பாஞ்சாலை, வினோதினி, வேதா. அவற்றைச் சொல்லி வீசினேன், நூல் நேராகப் போனது. சந்தோஷத்தில் அன்றைக்கே வீடியோ காலில் உனக்கும் கற்றுக்கொடுத்தேன். செய்த தவறு அதுதான்.

மழைக்குப் பிறகு ஏரி நிரம்பியது. நான் வேலை பார்த்த பள்ளிக்குப் பின்னால் இருக்கிறதே, அந்த ஏரி. கார்த்திகை தீபக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒருநாள் காலை ஒன்பதரை மணிக்குப் போனேன். நல்ல வெயில், கரையில் ஒருவரும் இல்லை. செருப்போடு கரைமேல் நின்று வீசத் தொடங்கினேன். மூன்றாவது பெயரைச் சொல்லிக் கோலைப் பின்னால் கொண்டுபோனபோது எதிரே தண்ணீர்ப் பக்கமிருந்து "உள்ளேன் ஐயா" என்று கேட்டது. சத்தமாக இல்லை, கடைசி பெஞ்சிலிருந்து சொல்வது போல. யாரோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று கரை முழுக்கப் பார்த்தேன், ஆடு மேய்ப்பவர்கள்கூட இல்லை. மறுநாள் வேண்டுமென்றே அந்தப் பெயரை விட்டுவிட்டுச் சொன்னேன். சிந்துஜாவுக்கும் வினோதினிக்கும் நடுவில், நான் கூப்பிடாமலே, அதே பதில் வந்தது. அதைவிட ஒன்று. பின்னால் போன நூல் ஒரு நொடியில் தளர்ந்து கீழே விழ வேண்டும், அது விழவில்லை. பதில் சொல்லி முடிக்கும்வரை யாரோ நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது போல விறைப்பாக நின்று, பிறகு விழுந்தது. கால் சில்லென்று இருக்கிறதே என்று குனிந்தால் முழங்கால் வரை தண்ணீர். நான் இறங்கியதாக எனக்கு நினைவே இல்லை. திரும்பிப் பார்த்தேன், என் செருப்பு இரண்டும் கரையில் ஜோடியாக, வகுப்பு வாசலில் விடுவது போலக் கிடந்தன. எனக்கு முன்னால் பத்தடியில் செங்கல் சூளைக்கு மண் அள்ளிய பள்ளம், ஏரி நிரம்பினால் அது இருப்பதே தெரியாது.

பாஞ்சாலையைப் பற்றி நீ சிறுமியாக இருந்தபோது கேட்டாய், வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள் என்று பொய் சொன்னேன். அவளுக்குப் படிப்பைவிட மீன் பிடிக்கப் பிடிக்கும், குண்டூசியை வளைத்து நூலில் கட்டி, பாதி நாள் ஏரியிலேயே இருப்பாள். பெயர் கூப்பிடும்போது அவளுக்குப் பதிலாக அவள் தோழி வேதா குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" என்பாள். அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். நாள் குறைந்தால் அந்தப் பெண்ணின் பெயரை நீக்கிவிடுவார்களே என்று தலையை நிமிர்த்தாமல் வந்ததாகக் கோடு போட்டுவிடுவேன், நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இருபது வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை சாயந்திரம் அவள் அம்மா வந்து பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்றபோது, பதிவேட்டைத் திறந்து காட்டி, "காலையிலயும் வந்திருக்கா, மதியமும் வந்திருக்கா, யாராவது கூட்டாளி வீட்ல இருப்பா, பாருங்கம்மா" என்று நானே சொன்னேன். நான் போட்ட கோட்டை நம்பி அவர்கள் வீடு வீடாகத் தேடினார்கள். ஏரிக்கு மறுநாள்தான் போனார்கள். அந்தப் பள்ளத்தில் இருந்தாள். அவள் செருப்பும் கரையில் ஜோடியாகத்தான் கிடந்தது.

வேதா இப்போது அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கிறாள், பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் அவளுக்கு நின்று பேச நேரமிருக்காது. வழக்கமாக என் கோலைப் பார்த்தால், "இன்னா சார், காத்தை அடிக்கக் கெளம்பிட்டீங்களா, மீனு சிரிச்சே கரைக்கு வந்துடும் போல" என்று வம்புக்கு இழுப்பாள். நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த டபராவை வைத்துவிட்டாள். "அன்னிக்குக் காலைல எங்கிட்ட, நான் வர்ற வரைக்கும் நீ சொல்லிக்கினே இருடின்னு சொல்லிட்டுப் போனா சார். அத நான் அந்த வாரத்தோட மறந்துட்டேன், இல்ல, மறந்த மாதிரி இருந்துட்டேன். நீங்க எதுக்கு சார் மறுபடியும் கூப்ட ஆரம்பிச்சீங்க?" என்றாள். பிறகு அவளே, "அவள உள்ளேன்னு எழுதிட்டீங்க. பெல் அடிச்சி வெளிய விட்டீங்களா? அதான் சார் இன்னும் உக்காந்துக்கினு இருக்கா" என்றாள். அறிவியல் வாத்தியாரான எனக்கு அது சரியென்று பட்டது, நீ சிரித்தாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு பத்துக்கு, பள்ளி விடும் நேரத்தில், இருவரும் ஏரிக்கரைக்குப் போனோம். வேதா கடையிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் நீளமாக அடித்தாள். "பாஞ்சாலை, பெல் அடிச்சாச்சு, வீட்டுக்குப் போம்மா" என்று நான் சொன்னேன். பிறகு பெயர் எதுவும் சொல்லாமல் ஒருமுறை வீசிப் பார்த்தேன். நூல் விழ வேண்டிய நேரத்தில் விழுந்தது. தண்ணீர்ப் பக்கமிருந்து பதில் எதுவும் வரவில்லை. வேதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டா சார்" என்றாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீடியோ வந்தது. ஆற்றோரம் கல்மேல் போனைச் சாய்த்து வைத்து, பட்டியலைச் சொல்லிச் சொல்லி வீசியிருந்தாய், கை அழகாக வந்திருக்கிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னாங்க, கூட நம்மூர்ப் பொண்ணு ஒண்ணு இருக்குது போல, அழகா உள்ளேன் ஐயான்னு சொல்லுது, அப்பாடா, பாப்பா தனியா இல்ல" என்று சந்தோஷப்பட்டாள். நீயோ தனியாகப் போனதாக எழுதியிருந்தாய். தண்ணீர் இரைச்சலில் மனது தனக்குத் தெரிந்த சொல்லைக் கேட்டுக்கொள்ளும், மின்விசிறிச் சத்தத்தில் யாரோ நம்மைக் கூப்பிடுவதாகத் தோன்றும், வகுப்பில் நானே அப்படிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் உன் அம்மாவிடம் இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லியிருக்கவில்லை. பெயர் சொன்னது நீ, உன்னை யாரும் ஐயா என்று சொல்ல மாட்டார்கள். நாலு தடவை போட்டுப் பார்த்தேன். கவிநிலா என்று சொல்லும்போது காய்ந்த கூழாங்கல்மேல் நிற்கிறாய். வேதா என்று சொல்லும்போது உனக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர். நீ நடந்ததாக அந்த வீடியோவில் எனக்குத் தெரியவில்லை. உனக்காவது தெரிந்ததா?

இங்கே நான் பெல் அடித்து அனுப்பிய பிறகு அங்கே நீ கூப்பிட்டிருக்கிறாய், அவள் கூப்பிட்ட இடத்துக்குப் போயிருக்கிறாள். கெட்ட பிள்ளை இல்லை தென்றல், பெயரைச் சொன்னால் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். ஆனால் கூட இருக்க ஆள் வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை, அவளுக்கு ஆழம் தெரியாது. நான் அவளுக்குச் செய்த பிழைக்கு நீ தண்ணீரில் இறங்கக் கூடாது. இங்கே நான் இன்னும் எத்தனை தடவை தட்டை அடித்தாலும் அங்கே கேட்காது, கூப்பிட்டவர்தான் அனுப்ப வேண்டும். இனிமேல் வீசும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணு, அதுவே போதும், மீனுக்கு வித்தியாசம் தெரியாது. இதற்காக வேலையை ராஜினாமா செய்யலாமா, விசா என்ன ஆகும் என்றெல்லாம் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, பொங்கலுக்கு அம்மா உன்னோடு பேசுவாள், அப்போது இதைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்காதே. அண்ணாமலையார் உனக்குக் காவலாக இருக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இந்த வாரமே, நல்ல பகலில், தோழி ஒருத்தியைக் கூட அழைத்துக்கொண்டு கோல் இல்லாமல் அந்த ஆற்றுக்குப் போ. தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளிக் காய்ந்த கல்மேல் நின்று, ஒரு தட்டைக் கரண்டியால் நீளமாக அடி. "பாஞ்சாலை, பெல் அடிச்சாச்சு, வீட்டுக்குப் போம்மா" என்று ஒரே ஒரு முறை சொல். சொன்னதும், பதில் வருகிறதா என்று நிற்காமல், திரும்பி நட.

உன் வருகைக்குக் காத்திருக்கும் அப்பா,
ராஜமாணிக்கம்