காதை அடைத்துக்கொண்டு போனோம்

கோவிலம்பாக்கம்
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜான்சி அக்காவுக்கு,

தீனா எழுதுகிறேன். உங்கள் தம்பி பென்னியோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், உங்கள் கையால் நிறைய நாள் சாப்பிட்டவன். என் போனை அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் நாளை குவைத் திரும்பும் மெர்வினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் வீட்டுச் சுவர் மூன்று இடத்தில் பிளந்திருக்கிறது. அம்மாவின் போட்டோ உடையவில்லை. எடுத்து என் அறையில் வைத்திருக்கிறேன்.

அங்கேயும் டிவியில் பார்த்திருப்பீர்கள். 'ஒலி அரக்கன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

அரசாங்கம் நம் பகுதிக்கு சூப்பர்ஹீரோ டீமுக்கு ஆள் எடுத்தபோது பென்னியும் வந்தான். தண்ணி லாரியைத் தூக்கினேன், என்னை எடுத்தார்கள். மாடிக்கு மாடி தாவும் கீதாவை எடுத்தார்கள். கத்தினால் கான்கிரீட் பிளக்கும் பென்னியை, ஏரிக்கரை வீட்டுக்குப் பட்டா இல்லை, முகவரி சரிபார்க்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பழைய கட்டடம் இடிக்கும் தினக்கூலிக்குப் போனான். நாலு மாதம் முன்னால் அவனுக்கு மட்டும் புது ஹெல்மெட் கொடுத்தார்கள். காதுக்குப் பாதுகாப்பாம். அதை மாட்டினால் அப்புறம் என்ன செய்தோம் என்றே ஞாபகம் இல்லை மச்சான் என்றான். வேலை செய்ததே தெரியாமல் கூலி வாங்குகிறாய், கொடுத்து வைத்தவன்டா என்று கிண்டல் செய்தேன்.

போன செவ்வாய் காலை அந்த ஹெல்மெட்டோடு ஏரிக்கரையில் நின்று கத்தினான். நாற்பது வீடு விரிசல் விட்டது. குடியிருக்க லாயக்கில்லை என்று மதியமே நோட்டீஸ் ஒட்டினார்கள். அதில் தேதி முந்தின நாள். அந்த இடம் யாருக்கு வேண்டும் என்று ஊருக்கே தெரியும். பக்கத்து நிலத்தை அந்தக் கம்பெனிக்கு விற்றவர் என் அப்பாதான்.

எங்களைக் கூப்பிட்டார்கள். காதில் மெழுகு வைத்து, மேலே ஹெட்போன் மாட்டிக்கொண்டு போனோம். பென்னி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அடுத்த கத்தலுக்கு மூச்சு இழுக்கிறான் என்று கீதா சைகை காட்டினாள். அவன் கையை எடுத்தான். வாய் அசைந்தது. ஜன்னல் உடையும் என்று சர்ச் பாட்டுக் குழுவில் அவனைக் கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்களே, அப்படி. நான் அடித்தேன். ஹெல்மெட் நொறுங்கி அவன் விழுந்தான்.

எதிர் மாடியிலிருந்து தீபலட்சுமி என்ற பெண் எடுத்த வீடியோவை மறுநாள் பார்த்தேன். அதில் அவன் கத்தவே இல்லை.

"தீனா, ஹெல்மெட்ட கயட்டுடா. என்னால முடியல."

அதற்குள் அவன் வேண்டுமென்றே தாக்கினான் என்ற வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். மாற்ற வேண்டும் என்று போய்க் கேட்டேன். டீமிலிருந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணை மிரட்டி வீடியோவையும் அழிக்க வைத்தார்கள். அள்ளிக்கொண்டு போன ஹெல்மெட் துண்டுகள் கணக்கிலேயே இல்லை என்கிறார்கள்.

அதை மாட்டிவிட்டது யார் என்று சொல்ல இனி பென்னி ஒருவன்தான் பாக்கி. அவன் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள், அக்கா. பொதுமக்கள் பாதுகாப்பு என்கிறார்கள். மனநிலை சரியில்லை என்று எழுதிவிட்டதால் ரத்த உறவின் கையெழுத்து வேண்டும். அந்தப் பேப்பர் இந்த வாரம் உங்களுக்கு வரும். சிகிச்சை என்று போட்டிருக்கும். நீங்கள் நர்ஸ், படித்தால் புரியும்.

நேற்று பென்னியை அடைத்து வைத்திருக்கும் இடத்தில் கீதாவுக்குக் காவல் வேலை, அவள் என்னை உள்ளே விட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காதில் எதுவும் வைக்காமல் நின்றேன். பேசுடா என்றேன். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு என் காதைக் காட்டினான். அடைத்துக்கொள் என்று.

கையெழுத்துப் போடாதீர்கள். லீவு கிடைக்காவிட்டாலும் கிளம்பி வாருங்கள். சின்ன வயதில் உங்கள் காதோடு அவன் எவ்வளவு ரகசியம் பேசியிருப்பான். ஒரு கண்ணாடியும் உடைந்ததில்லை.

நீங்கள் வந்து சேரும் வரை உங்கள் கர்த்தர் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். என் கையைப் பிடிக்க அன்று யாரும் இல்லை.

இப்படிக்கு,
தீனா